நெற்றிக்காசு

தை 20, ஞாயிறு

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ரேஷன் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரருடைய செல் அடித்தது. கார்த்திகையில் அவர் போனதிலிருந்து அது அடித்தாலே எடுக்க மனசு வருவதில்லை. அவர் இல்லை என்று மறுபடியும் யாருக்காவது சொல்ல வேண்டும்.

திருச்சியிலிருந்து குணசேகரன் என்று ஒருத்தர். பிழையாக அடித்த காசுகளைச் சேர்க்கிறவராம். இவர் இறந்துவிட்டதைச் சொன்னேன். வருத்தப்பட்டார். பிறகு, "அழகுமலை அண்ணன் ஒரு ரூபாக் காசு ஒண்ணு போட்டோ அனுப்பியிருந்தாரும்மா. வருசம் ரெட்டையா விழுந்தது. அது இருக்கா? நேர்ல பாத்து சரியா இருந்தா இருபதாயிரம் வரைக்கும் தருவேன்" என்றார்.

என் கொழுந்தன் கண்ணன் அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஏன் போட்டேன்?

தை 21

இவர் ஆலங்குடி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டூட்டி முடிந்து வந்தால் பாயில் காசைக் கொட்டி லென்ஸ் வைத்துப் பார்ப்பார். அந்தக் காசு கிடைத்த அன்றைக்குச் சோறு தின்ன மறந்துவிட்டார். "காசு அடிக்கிற அச்சுலயே எழுத்து ரெட்டையா இருந்துருக்கு செவந்தி. அந்த அச்சுல அடிச்சது பூரா இப்படித்தான் இருக்கும். ஆனா ஊரெல்லாம் செலவாகிப் போச்சே, எங்கிட்டுன்னு தேட? அதான் வெல" என்றார். நான், சோறு ஆறுது என்றேன்.

இன்றைக்குக் கண்ணனும் நானும் இவருடைய காசு டப்பாவைத் திறந்தோம். ஒவ்வொரு காசுக்கும் ஒரு சின்ன கவர். அந்தக் கவர் மட்டும் காலி. பக்கத்து வீட்டு அமுதவல்லி எட்டிப் பார்த்து, "அடி ஆத்தி! எடுக்குற அன்னிக்கு அவரு நெத்தியில வைக்க ஒத்த ரூவா கேட்டாகளே... நீ மயங்கிக் கெடந்த. நாந்தான் இதுல கைய விட்டு எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

கண்ணன் சிரித்தான். "அப்ப அண்ணன்கிட்டதான் பத்திரமா இருக்கு."

தை 22

அந்தச் சிரிப்பு சரியில்லை.

தை 25

நினைத்தது சரி. இன்றைக்கு வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"மண்ணுக்குள்ள கெடந்து யாருக்கு என்ன பிரயோசனம் மதினி? இன்னும் மேமண்ணு எறுகல. எடுத்துட்டு மூடிருவோம். ஆளுக்குப் பாதி."

"ஒங்க அண்ணன்டா அது."

"அதான் கேக்குறேன். அடுத்தவன் கேட்டாத்தான தப்பு?"

காசு உள்ளேதான் போனதா? எனக்கு எப்படித் தெரியும். பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். சுடுகாட்டுக்குப் போன ஆம்பளைகளைக் கேட்டால், மூடும்போது நெற்றியில் இருந்தது என்கிறார் ஒருத்தர். நான் பார்க்கவில்லை என்கிறார் இன்னொருத்தர்.

மாசி 2

குணசேகரனுக்கு நானே போன் போட்டேன். அந்தக் காசுக்கு மதிப்பில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல மனுசன். அடிக்கும்போது காசு ஆடிப்போனாலும் ரெட்டையாகத் தெரியும், அதற்கு ஒரு ரூபாய்தான் என்றார். போட்டோவில் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

கண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பாக்காம எப்படித் தெரியும்? பாக்கத்தான் எடுக்கணுங்குறேன்" என்றான்.

நான்தான் வாயைக் கொடுத்தேன்.

மாசி 5

கொட்டகையில் மண்வெட்டியைக் காணோம்.

இருட்டுவதற்குள் கண்ணன் கொண்டுவந்து போட்டான். வாய்க்கால் வெட்டினானாம். மண் ஈரமாக ஒட்டியிருந்தது. எந்த மண் என்று முகர்ந்து பார்த்தேன். எனக்கென்ன பைத்தியமா? மண்வெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

மாசி 7

நாள் குறித்துவிட்டான். சிவராத்திரி. அன்றைக்கு ஊரே குலசாமி கோயிலுக்கு வண்டி கட்டிப் போய்விடும். துக்க வீடு என்பதால் நாங்கள் மட்டும் போகக் கூடாது. "ஒரு குஞ்சு இருக்காது மதினி. நீங்க வீட்ல இருங்க, நான் பாத்துக்குறேன்."

மகளிடம் சொன்னால் திருப்பூரிலிருந்து கிளம்பி வந்துவிடுவாள். எட்டு மாசம் அவளுக்கு. சொல்லவில்லை.

கடவுளே, அவுக மொகத்தத் தொறந்து பாப்பாங்களா? மூணு மாசமாச்சே. என்னவா இருக்கும் அந்த மொகம்—

மாசி 9

குழி வெட்டிய ஆண்டிச்சாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அன்னிக்கி நெத்திக்காசு என்னாச்சுண்ணே?"

"யாரு கேக்குறா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சிவராத்திரியையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். காசு எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க தாயி" என்றார்.

மாசி 10

சோறு இறங்கவில்லை.

மாசி 12

மத்தியானம் கண்ணன் குதித்துக்கொண்டு வந்தான். "திருட்டுப் பய! எங்க அண்ணன் நெத்தியிலயே கைய வச்சுருக்கான்!" குழி தோண்டத் துணைக்குக் கூப்பிடப் போனானாம். ஆண்டிச்சாமி, "காசு அங்க இல்ல தம்பி, நான் எடுத்துட்டேன். அன்னிக்கே ஆலங்குடி பஸ்ல டிக்கெட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றாராம். தெருவே கேட்கும்படி திட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்த மனுசன் தலையைக் குனிந்து நின்றாராம்.

எனக்கு உயிர் வந்தது. உடனே கோபமும் வந்தது. அவர் நெற்றியிலிருந்து எடுக்க எப்படி மனசு வந்தது?

பஸ் சில்லறையில் அந்தக் காசைத் தேட, கண்ணன் இவருடைய லென்ஸைக் கேட்டான். கொடுத்தேன்.

மாசி 14, சிவராத்திரி

ஊர் காலி. காலையிலிருந்து சுடுகாட்டுப் பாதையைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். ஒரு நாய் போனது. வேறு யாரும் போகவில்லை. கண்ணன் ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் நோட்டைக் கொடுத்துச் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தானாம்.

மாசி 22

ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஆண்டிச்சாமி பெண்சாதி மருதாயி. பேசாமல் நிற்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

"ஒங்க வீட்டுக்காரரு ஆலங்குடிப் பக்கம் பஸ்ல போவாரோ?"

"அவரா? காலு வீங்கி, பஸ் படி ஏறி ரெண்டு வருசமாச்சே. எதுக்குக் கேக்குறீக?"

"இல்ல... நெத்திக்காசு குழி வெட்டுறவருக்குள்ளதுதான?"

"மத்த ஊர்ல எடுப்பாக. இவரு தொட மாட்டாருத்தா. அது போறவுக வழிச்செலவாம். அதுல கைய வச்சா சோறு எறங்காதும்பாரு."

அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எடுக்காத காசுக்கு அந்த மனுசனைத் தெருவில் நிற்கவைத்துத் திருடன் என்றானே கண்ணன். நானும் மனசுக்குள் அதைத்தானே சொன்னேன்.

சாயங்காலம் கண்ணன் வந்தான். "இன்னிக்கும் ஒரு பை காசு பாத்துட்டேன் மதினி. கண்ணுதான் பூத்துப்போச்சு."

"பாருங்க தம்பி. எங்கிட்டாச்சும் இருக்கும்" என்றேன்.

அவன் போனபிறகு மண்வெட்டியை எடுத்துக் கொட்டகையில் பழைய இடத்தில் சாத்திவைத்தேன்.

பஸ்ஸில் இவர் எத்தனை பேரிடம், சில்லறையாக் குடுங்க என்று கத்தியிருப்பார். வழிச்செலவுக்கு அவரிடம் சரியான சில்லறை இருக்கிறது.