சிவப்புப் பொட்டு வைத்த ஸ்குரூ

என் அருமை மாப்ளே சூசைக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மஞ்சள் பாரித்த கண்ணோடு, "மச்சான், வண்டி எப்படியிருக்கு?" என்று கேட்டாயே, உன்னைப் பார்க்க நடையாய் நடந்தவன் எப்படியிருக்கிறான் என்று கேட்டாயா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனாலும் வண்டியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நம் இரண்டு பேருக்கும் வேறு என்ன பேசத் தெரியும்?

கூடலூர்ப் பட்டறையில் ஒரு பழைய காரைப் பிரித்து நாம் பந்தய வண்டியாக்கியபோது பஜாரே சிரித்தது. மெட்ராஸில் முதல் பந்தயம். மேல் கியருக்கு மாற்றும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுத்தது, கடைசியில் பாதை ஓரம் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளில் மோதி நின்றாய். "ஒனக்குக் கியர் மாத்தவே தெரியலலே!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். நீ இருக்கும்போது கேட்கவில்லை, வீம்பு.

தப்பு என்னுடையதுதான். குமுளி மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்கு இழுத்து, சாமி பேரை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் அடுத்த கியரைப் போடுவார்கள். நான் "முருகா" என்று சொல்லி ஓட்டிப் பார்த்தே எஞ்சினை செட் பண்ணியிருந்தேன். நீயோ "ஆரோக்கிய மாதாவே" என்று முழுசாகச் சொல்கிற ஆள். பந்தயத்துக்காக எடை குறைத்த எஞ்சின் அது, நீ சொல்லி முடிப்பதற்குள் அதன் வேகம் கீழே விழுந்துவிடும். அப்புறம் கிளட்சை விட்டால் வண்டி வெட்டாமல் என்ன செய்யும்?

"ஏலே, சுருக்கமா 'மாதா'ன்னு சொல்லேன்" என்றேன்.

"ஆத்தா பேரக் கொறைக்கச் சொல்றியா?" என்று முறைத்தாய்.

சரி, எஞ்சினைத்தான் காத்திருக்க வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு சைக்கிள் பம்பை அறுத்து கார்புரேட்டர் பக்கத்தில் மாட்டி, நீ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழி மெள்ள மூடும்படி செய்தோம். எவ்வளவு மெள்ள என்பதற்கு ஒரு சின்ன ஸ்குரூ. கால் திருகு, அரைத் திருகு என்று ஒரு வாரம் மாரடித்தோம். எட்டாம் நாள் கியர் மாறியதே தெரியவில்லை. உன் மனைவி மேரி தன் நகப்பாலிஷை எடுத்து ஸ்குரூ தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். "இனி எவனும் இதத் தொடக்கூடாது" என்றாய்.

தொடவில்லையடா. அதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த மாதம் மெட்ராஸ் பந்தயத்தில் உன் தம்பி அந்தோணி உன் நம்பரிலேயே ஓட்டப் போகிறான். அவனும் ஜீப் ஓட்டுகிறவன்தான், ஆனால் அவசரக்காரன். அவன் கியரைத் தட்டிவிடுகிறான், எஞ்சின் இன்னும் உன் மாதாவுக்காகக் காத்திருக்கிறது. லோயர் கேம்ப் ரோட்டில் இரண்டு தடவை வண்டி முன்னால் பாய்ந்து பின்சக்கரம் வழுக்கிவிட்டது. ஸ்குரூவைத் திருகினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? கை போகவில்லை மாப்ளே. நீ வைத்துவிட்டுப் போனதை எப்படி மாற்றுவது? மாற்றாமல் விட்டு அவனையும் உன்னிடமே அனுப்பிவிடுவேனோ என்ற பயம் வேறு.

நேற்று மேரி பட்டறைக்கு வந்தாள். அந்தோணி சொல்லியிருப்பான் போல.

"அவுக வண்டிய ஓட்டத்தான விட்டுட்டுப் போனாக? பூசை பண்ணவா விட்டுட்டுப் போனாக?" என்றாள். "பொட்டு வச்சது நான். நானே எடுக்கிறேன்."

நகத்தால் சுரண்டினாள். உதிர்ந்ததை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

அப்புறம் அந்தோணியை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது கியருக்கு மாற்றும்போது "அண்ணே" என்றான். "என்னடா?" என்றேன். மூன்றாவதுக்கு மாற்றும்போது மறுபடியும் "அண்ணே". "என்னன்னு சொல்லித் தொலையேன்டா!" என்று எரிந்து விழுந்தேன்.

ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "ஒங்களக் கூப்பிடலண்ணே."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி, பானட்டைத் தூக்கினேன். கால் திருகு. பத்தவில்லை. இன்னொரு கால் திருகு. பிறகு அவன் உன்னைக் கூப்பிட்டு முடிக்கவும் கியர் விழவும் சரியாக இருந்தது. வண்டி துள்ளவே இல்லை.

பந்தயத்தன்று அதே வைக்கோல் கட்டுப் பக்கத்தில்தான் நிற்பேன். இந்தத் தடவை யாரைப் பார்த்தும் கத்த மாட்டேன், சத்தியம். ஒவ்வொரு கியருக்கும் அவன் உன்னைக் கூப்பிடுவான். நீ பாட்டுக்குத் தூங்கிவிடாதே, என்னடா என்று ஒரு வார்த்தை கேள்.

சாமி வேறானாலும், கூப்பிட்டுக் கூப்பிட்டே உறவாகிப்போன உன் மச்சான்,
பட்டறை வேலுச்சாமி