கழனி வீட்டுப் படம்

சேரப்பணஞ்சேரி
18.1.2025

அன்புள்ள தம்பி தேவராஜனுக்கு,

அக்கா உமாதேவி எழுதுவது. இங்கே நலம், புனேயில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார்!

கழனி வீட்டைக் கிடங்கு கட்டுகிறவர்களுக்கு விற்க என் கையெழுத்து வேண்டும் என்கிறாய். எதை விற்கிறோம் என்று தெரிந்துதான் விற்கிறாயா? கிணறு வெட்டிய மண்ணையெல்லாம் கொட்டி மேடாக்கி, இரண்டு மழைக்காலம் ஊறவிட்டு, அப்புறம்தான் கொள்ளுத்தாத்தா சுவர் எழுப்பினார். பெருவெள்ளத்தில் பக்கத்துப் படப்பை ஊரே மிதந்தபோது நம் கூடத்தில் ஒரு சொட்டு ஏறவில்லை. தெருவே இங்கே வந்து மூன்று நாள் சாப்பிட்டது. என்ன மூளையடா அது! நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அன்புடன்,
உமா அக்கா

புனே
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கொள்ளுத்தாத்தா கோதண்டத்தின் பெருமையை எனக்கா சொல்கிறாய்? ஒற்றை ஆளாகக் கிணறு வெட்டியவர் என்று ஆபீசில் எத்தனை பேரிடம் அளந்திருக்கிறேன்! கூடத்தில் அவர் படத்துக்கு மாலை போடாமல் நம் வீட்டில் யார் சாப்பிட்டோம்? படத்தை நான் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் மூட்டுவலியோடு நீ ஒருத்தி அவ்வளவு பெரிய வீட்டில் எதற்கு? விழுந்தால் யார் தூக்குவது? பிடிவாதத்தை விட்டு இங்கே வந்துவிடு, அக்கா.

உன் தம்பி,
தேவராஜன்

சேரப்பணஞ்சேரி
20.2.2025

அன்புள்ள தம்பிக்கு,

நிதானமாகப் படி. பின்கட்டு அறையை வாடகைக்குக் கேட்டு இசைவாணி என்று ஒரு பெண் வந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை, சுங்குவார்சத்திரத்துப் பெண். கூடத்தில் நுழைந்தவள் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எங்க அந்தோணி தாத்தா! இதே போட்டோ எங்க வூட்லயும் கீது. இவருக்கு இன்னாத்துக்கு நாமம் போட்டு வச்சிகீறீங்க?"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இது: கிணறு வெட்டி இந்த வீட்டைக் கட்டியவர் அந்தோணி. நம் கோதண்டம் அவரோடு கூட்டாகப் பயிர் வைத்தவர். காலராவில் அந்தோணி போனதும், மனைவி லூர்தம்மாள் வீட்டைக் கோதண்டத்திடம் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீடு போய்விட்டாள். கோதண்டம் சாகும்வரை அறுப்புக்கு அறுப்பு அவளுக்கு ஒரு வண்டி நெல் போயிருக்கிறது. நன்றிக்காக அவர் மாட்டிய படத்தை நாம் தாத்தாவாக்கிவிட்டோம். பழைய பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தோணி பெயர்தான்.

அவள் பங்கு எதுவும் கேட்கவில்லை. "ரூமு கெடைக்குமாக்கா?" என்றுதான் கேட்டாள். உன்னைக் கேட்காமல் நான் என்ன சொல்வது?

உமா அக்கா

புனே
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். பத்திரத்தைக் கிழித்துப் போடு என்று ஒரு கடிதம் எழுதினேன். வெட்கமாகிவிட்டது, அந்தக் கடிதத்தைத்தான் கிழித்தேன். கிடங்குக்காரர்களிடம் வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வீடு முழுசாகக் கைக்கு வந்த பிறகும், கட்டியவன் முகம் தன் பிள்ளைகள் கண்ணில் தினமும் பட வேண்டும் என்று நினைத்திருக்கிறாரே, நம் கொள்ளுத்தாத்தா எப்பேர்ப்பட்ட மனுஷன்! தனக்கென்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கிணறு வெட்டாத இந்தக் கோதண்டம்தான் எனக்கு இப்போது இன்னும் பெரியவர்.

எந்த அறை வேண்டும் என்று இசைவாணியையே கேள். வாடகை மட்டும் வாங்கிவிடாதே, அக்கா. அவள் தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

உன் தம்பி,
தேவராஜன்