சாட்சி: மகேஷ்குமார், சப்ளையர்

கரமனை, திருவனந்தபுரம்
6 ஜூன் 2025

அன்புள்ள மகேஷ் அத்தானுக்கு,

சுகமா? நாகர்கோவில் பேக்கரியில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

பாத்திரம் கழுவும் நம் சாதிப் பெண்களை, நீங்களும் வேலை பார்த்த அந்த ஹோட்டல் ஹாலில் உட்கார விடுவதில்லை, கழிவு வாளிக்குப் பக்கத்தில் தனித் தட்டில் சாப்பிட வைக்கிறார்கள் என்று அம்மா கொடுத்த புகாரைத் தொழிலாளர் அலுவலகத்தில் தள்ளிவிட்டார்கள். அறிக்கையின் நகல் வாங்கி வாசித்தேன். "எல்லாருக்கும் ஒரே மேசைதான். மாடம்மாள் சொல்வது பொய்." சாட்சி: மகேஷ்குமார், சப்ளையர். கீழே உங்கள் கையெழுத்து.

சொந்த அத்தையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டீர்கள். நன்றாக இருங்கள்.

ஷிஜா

*

நாகர்கோவில்
14 ஜூன் 2025

அன்புள்ள ஷிஜா,

நான் அப்படிச் சொல்லவே இல்லை. விசாரணைக்கு வந்த சுந்தரராமன் சார் வலியசாலை அக்ரகாரத்துத் தமிழர். "பயப்படாமச் சொல்லுப்பா, நானும் தமிழன்தான்" என்றார். தமிழில் கேட்டு, மலையாளத்தில் எழுதினார். மலையாளம் வாசிக்கத் தெரியாமல் பஸ் போர்டிலேயே நம்பரைத்தான் பார்க்கிறவன் நான். "என்ன சார் எழுதிருக்கு?" என்று கேட்டேன். "நீ சொன்னதுதான்" என்றார். நம் பாஷை பேசுகிறவர் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். மறு வாரமே முதலாளி என்னை இங்கே, தன் மச்சினன் பேக்கரிக்கு அனுப்பிவிட்டார்.

இந்த வேலையும் போனால் எனக்கு வழியில்லை. இதை விட்டுவிடு ஷிஜா. அத்தையிடமும் சொல்.

மகேஷ்குமார்

*

கரமனை
2 ஜூலை 2025

அத்தானுக்கு,

மறுவிசாரணை கேட்டோம். அதே சுந்தரராமனையே அனுப்பினார்கள்! யார்மேல் புகார் சொன்னோமோ அந்த முதலாளியோடு ஹாலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே அம்மாவைக் கூப்பிட்டார். அடுக்களை வாசலில் நிற்க வைத்தார். நானும் கூட நின்றேன்.

"இங்க என்னம்மா பாகுபாடு? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அம்மா கையைத் துடைத்தாள். "அப்படியா சாரே? அப்பம் நான் இருந்தே சொல்லுதேன்." நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் அத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி "எழுந்நேல்க்கெடி!" என்று எழச் சொல்லிக் கத்தினார். அம்மா அசையவில்லை. "கேட்டியளா சாரே? இதையும் எழுதுங்க."

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். 'புகார்தாரர் ஒத்துழைக்கவில்லை' என்று பிறகு எழுதினார். அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அம்மாவைப் பார்த்ததும் அது மறந்தே போயிற்று. பதினாறு வருடம் அந்தத் தரையைத் துடைத்தவள், அந்த இடமே தன் காலடியில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். இவள் வயிற்றில் பிறந்தவள் நான். இவள் யாரென்று அன்றுதான் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி மேலதிகாரி முன்னால் கடைசி விசாரணை. அங்கே வேலை பார்க்காத மகளின் சாட்சி செல்லாதாம். "அவன விடு, பயந்த பிள்ள" என்கிறாள் அம்மா. நான் விடுவதாக இல்லை. வாருங்கள்.

ஷிஜா

*

நாகர்கோவில்
9 ஜூலை 2025

ஷிஜா,

அத்தை உட்கார்ந்ததை மூன்று தடவை வாசித்தேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அந்தத் தனித் தட்டை நாலு வருடம் தினமும் வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான். வேறு சாதி சொல்லித்தான் சப்ளையர் வேலை வாங்கினேன். எங்கள் உறவு அங்கே யாருக்கும் தெரியாது. அத்தை என்னை யாரோ போலப் பார்த்து "அங்க வச்சிரு தம்பி" என்பாள். ஒரு நாள்கூட முகம் மாறியதில்லை. புகார் மனுவிலும் என்னைச் சாட்சி என்றுதான் சொன்னாள். தட்டு வைத்தவன் என்று சொல்லவில்லை. இத்தனையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இருக்க முடியுமா?

என் சாதி, நான் வைத்த தட்டு, சுந்தரராமன் சார் வாங்கிய கையெழுத்து, எல்லாவற்றையும் தமிழில் என் கையாலேயே எழுதிவிட்டேன். பதினெட்டாம் தேதி வந்து நானே வாசிப்பேன். அதன் பிறகு நீ என்னை அத்தான் என்று கூப்பிடாவிட்டாலும் சரி. அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லாதே, தடுத்துவிடுவாள்.

மாடம்மாளின் அண்ணன் மகன்,
மகேஷ்குமார்