கிரிசாந்தோ எடுத்துப்போன எருமைப் பணம்

அன்பு மகள் ரோஸ்விக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் வழுக்கி விழாமல் நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறையொன்றுமில்லை, உன் அப்பாவுக்கு இரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி இருக்கிறது, பன்றி எட்டுக் குட்டி போட்டிருக்கிறது. வீடியோவில் பேசும்போது உன் அப்பா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வதால் இந்தச் சங்கதியை அதில் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு அர்செனியாவின் மகன் வின்னிபெக்குக்குத் திரும்புகிறான், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வறு, போன முறை மேல்மாடிக்காரர்கள் புகார் கொடுத்தார்கள் என்று சொன்னாயே.

போன மாதம் மாத்திரை வாங்கப் போன உன் அப்பா மாத்திரை இல்லாமல் வந்து நின்றார். திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் என்று கோயில் வாசலில் கட்டியிருந்த பேனரில் கிரிசாந்தோ பலமாரெஸ் என்று ஒரு பெயரும் படமும் இருந்ததாம், அதைப் பார்த்ததும் வந்த வேலை மறந்துவிட்டதாம். கிரிசாந்தோ யார் என்று உனக்குத் தெரியாது, அன்றுவரை எனக்கும் தெரியாது. 1987இல் கப்பல் வேலைக்காக உன் அப்பா மணிலாவில் காத்துக் கிடந்தபோது ஒரே அறையில் தங்கியிருந்தவனாம். ஓய்வு பெற்று நம் ஊர்க் கடற்கரைப் பக்கம், பெண்டாட்டி பிறந்த இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். உன் அப்பா பெட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். துல்ஃபோ, உன் நாலாயிரத்து இருநூறு பெசோவை எடுத்துக்கொள்கிறேன், மூன்று மாதச் சம்பளத்தில் திருப்பித் தருவேன், கிரிசாந்தோ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது. என்ன பணம் இது என்று கேட்டேன். எருமை விற்ற பணம் என்றார். மேற்கொண்டு கேட்டதற்குக் கோழிக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

இத்தனை வருடம் கழித்து என்ன வசூல், விட்டுத் தொலையுங்கள் என்றேன். “அவன் ரெண்டு மாடி கட்டியிருக்கான், திருவிழாவுக்குப் பத்தாயிரம் எழுதியிருக்கான், இல்லாதவன்கிட்டயா கேக்கறேன்” என்றார். மறுநாளே ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். மனு எழுதும் பெண் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தாத்தா, இந்தக் கடன் என்னைவிடப் பத்து வயசு மூத்தது, கோர்ட்டுல நிக்காது” என்றாள். உன் அப்பா, “கோர்ட்டுக்கு யாரும்மா போறா, அவனை இங்க வரவழைச்சு என் எதிர்ல உக்கார வை, போதும்” என்றார். ஐம்பது பெசோ கட்டினார், ரசீதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. வசூலுக்குத்தான் போகிறோம் என்றாலும் கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது, தென்னங்குருத்தில் சுற்றி அவித்த ஒட்டரிசிப் பண்டம் ஆறு கொண்டுபோனேன். கிரிசாந்தோ வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தான், ஆள் படத்தில் இருந்ததைவிடப் பாதி. பண்டத்தில் இரண்டைத் தின்றுவிட்டுப் பேச ஆரம்பித்தான். எதையும் மறுக்கவில்லை. ஊராட்சித் தலைவர் தெல்ஃபினா அம்மாவைப் பார்த்து, “ஆமாங்க, நான்தான் எடுத்தேன். ஒரே ஒரு இடம் இருக்கு, யார் மொதல்ல பணம் கட்டறாங்களோ அவங்க கப்பல் ஏறலாம்னு ஏஜென்சியிலேர்ந்து சொல்லி அனுப்பினாங்க. இவன் குளிக்கப் போயிருந்தான். கப்பல் கெளம்பறப்ப துறைமுகத்துக்கே வந்துட்டான், நான் மேல நின்னு பார்த்தேன், கீழ நின்னு அழுதுட்டிருந்தான்” என்றான். திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று தலைவர் கேட்டார். “ரெண்டு தடவை அனுப்பப் பார்த்தேங்க. மொத தடவை வீட்டுல பிரசவச் செலவு வந்துடுச்சு. ரெண்டாந்தடவை வெட்கமா போச்சு” என்றான்.

அது எந்த மாதம் என்று நான் கேட்டேன். மார்ச் என்றான். மகளே, உன் அப்பா ஊருக்கு வந்தது மே மாதக் கடைசியில். கப்பல் வேலை கிடைத்தும் உன் அம்மாவைப் பிரிய மனசில்லாமல் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த படகைப் பிடித்து ஓடி வந்தேன் என்று ஒவ்வொரு கல்யாண நாளிலும் அவர் சொல்லி நீயும் கேட்டிருக்கிறாய், உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொன்னார், மாப்பிள்ளையின் சித்தி அழுதாள். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரிசாந்தோ நாலாயிரத்து இருநூறை எண்ணி மேசையில் வைத்தான். உன் அப்பா கையை நீட்டினார். நான், இருங்கள் என்றேன். இன்றைக்கு இந்தப் பணத்துக்கு என்ன வரும் என்று தலைவரைக் கேட்டேன், ஒன்றரை மூட்டை அரிசி வரும் என்றார். இவன் எடுத்துப்போனது அரிசி இல்லை, எருமை, எருமை விலையைத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். உன் அப்பா, “லிப்ராதா, வேண்டாம், விடு” என்றார். வேண்டும் என்றேன். அவ்வளவு கோபம் எனக்கு, அது கிரிசாந்தோ மேல் இல்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. கடைசியில் ஐம்பதாயிரம், ஐந்து தவணை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. உப்பு அங்கே இருக்கிறது, சேவல் வெளியே போய்விட்டது, இந்த அளவுதான். ஐந்தாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவராகவே ஆரம்பித்தார். “ரெண்டு மாசம் மூட்டை தூக்கி வயித்தைக் கழுவினேன். அப்புறம் வீட்டுச் சோறு தின்னணும்போல இருந்துச்சு, வந்தேன். வர்ற வழியில உங்க வீட்டு வாசல்ல நீ நின்னுட்டிருந்த. ஏமாந்துட்டு வந்தேன்னு சொல்ல வாய் வரல, உனக்காக வந்தேன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் அதை நெசமாக்கணும்ல. அந்த வேலையைத்தான் இன்னிவரைக்கும் பார்த்துட்டிருக்கேன்” என்றார். மீன் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தேன், வழக்கமாக அதை நான்தான் சாப்பிடுவேன்.

முதல் தவணை பத்தாயிரத்தைக் கிரிசாந்தோ சனிக்கிழமை தானே கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டுப் போ என்றேன். மணிலா அறையில் குறட்டை விட்டது யார் என்று இருவருக்கும் சண்டை வந்து மூன்று மணி நேரம் நடந்தது, முடிவாகவில்லை. அடுத்த தவணைக்கு அவன் பெண்டாட்டியையும் அழைத்து வருகிறானாம்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று. அந்த மே மாதம், மூன்று மாதமாக மணிலாவிலிருந்து கடிதம் இல்லாததால், அரிசி ஆலைக்காரர் மகன் எலிசெயோவுக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணத்தை அறிவிக்க இருந்தார்கள். உன் அப்பா வியாழக்கிழமை வந்து வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார். வெள்ளிக்கிழமை நான் ஆலைக்குப் போய் எலிசெயோவிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். எலிசெயோவுக்கு இப்போது மூன்று ஆலை. வருத்தமா என்று நீ கேட்பாய். இல்லை. ஆனால் உன் அப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அவர் தன் பொய்யை முப்பத்தெட்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தார், எனக்கும் கொஞ்ச நாள் வேண்டும்.

கடவுள் உன் வீட்டுக் கூரையையும் அதன் கீழ் இருப்பவர்களையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும். பல் வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அரிசியைப் பற்றி எதுவும் கேட்காதே, உனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா லிப்ராதா