செல்லாயி வரவில்லை என்று பதிவான மூன்று ஞாயிற்றுக்கிழமைகள்

அனுப்புநர்:
ஐயாவு த/பெ சின்னையா,
27, ஸ்டோர் கம்பம்,
லகாட், பேராக்.

பெறுநர்:
நிர்வாக அதிகாரி அவர்கள்,
மேற்குக் கிந்தா இருதய மருத்துவ மையம்,
ஈப்போ.

பொருள்: என் மனைவி செல்லாயியின் பெயரில் (நோயாளி எண் 3318) "வரவில்லை" என்று தங்கள் கணினியில் மூன்று முறை பதிவாகியிருப்பதைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது மனு இது. முதல் இரண்டையும் ஈப்போவில் மனு எழுதிக் கொடுப்பவரிடம் சொல்லி, மலாயில் டைப் அடித்து அனுப்பினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்குக் கணினி பதில் போட்டது. அந்தப் பதிலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்த முறை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். தங்கள் கணினிக்குத் தமிழ் தெரியாதாம். அப்படியானால் யாராவது ஒரு மனிதர் இதைக் கையில் எடுத்துப் படித்துத் தங்களுக்குச் சொல்லியாக வேண்டும். இதனால் பெரிதாக ஏதும் நடந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

1. நான் ரப்பர் தோட்டத்தில் பதினாறு ஆண்டுகள் மண்டோராக இருந்தவன். காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் கணக்கை எழுதுவது என் வேலை. என் மனைவி அதே தோட்டத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் பால் வெட்டினாள். 1979-இல் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு லகாட்டுக்கு வந்தோம். இப்போது ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் காவல் வேலை செய்கிறேன்.

2. சென்ற ஆண்டு மே மாதம் செல்லாயிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இருதயத்தின் வால்வு ஒன்று கெட்டுவிட்டது என்றார்கள். 9.6.1988 அன்று தங்கள் மையத்தில் டாக்டர் பார்த்தார். இரண்டு மாதத்துக்குள் இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும், அதை வைத்துத்தான் கோலாலம்பூரில் அறுவைச் சிகிச்சைக்கு எழுத முடியும், தாமதிக்கக் கூடாது என்றார். "தாமதிக்கக் கூடாது" என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். அந்த ஜூன் மாதத் தேதியைக் கௌண்டரில் இருந்தவர் பேனாவால் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் ஒரு குழப்பமும் இல்லை.

3. ஜூலையில் தங்கள் கணினியில் பழையதை எடுத்துவிட்டுப் புதிய முறையைப் போட்டார்கள். இனி தேதிகள் தபாலில் வரும், கௌண்டரில் யாரும் எழுதித் தர மாட்டார்கள் என்று சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. எங்களுக்கு வந்த முதல் தேதி 14.8.1988, காலை 9 மணி. அது ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம். வெளிக்கதவு பூட்டியிருந்தது. காவலர் திரு பத்துமலை, "இன்னிக்கி லீவு லா அண்ணே, டாக்டர் யாரும் வரமாட்டாங்க" என்றார். கடிதத்தைக் காட்டினோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வந்ததற்கு அடையாளமாக இருக்கட்டும் என்று தம் வாசல் புத்தகத்தில் அவள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நேரத்தையும் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று பார்த்ததுமே சந்தேகம் வரவில்லையா என்று பிறகு தங்கள் அலுவலகத்தில் என்னைக் கேட்டார்கள். வரவில்லை ஐயா. தோட்டத்தில் ஞாயிறும் பெரட்டு உண்டு. வா என்று சொன்ன நாளில் வந்து நின்றே பழகியவர்கள் நாங்கள். அதிலும் இது அரசாங்கக் கடிதம்.

4. மறுநாள் திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளை மறுபடி அழைத்து வந்தேன். கதவு திறந்திருந்தது, டாக்டரும் இருந்தார். ஆனால் அன்றைய பட்டியலில் அவள் பெயர் இல்லாததால் கணினி எண் சீட்டு அடித்துத் தரவில்லை. சீட்டு இல்லாமல் தாதி உள்ளே விடவில்லை. டாக்டரின் அறை நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து இருபது அடி இருக்கும். கணினியில் அவளுக்கு நேரே "வரவில்லை" என்று ஏற்கெனவே பதிவாகிவிட்டதாகவும், அடுத்த தேதி தபாலில் வரும் என்றும் சொன்னார்கள்.

5. இரண்டாவது தேதி 25.9.1988. அதுவும் ஞாயிறு. இந்த முறை நான் ஏமாறக் கூடாது என்று, மீரா சாஹிப் அவர்களின் சாப்பாட்டுக் கடையிலிருந்து தங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சுன்னு போட்டிருந்தா இருபத்தஞ்சுதான். வராட்டி உங்க பேரு போயிரும்" என்றார். ஒருவேளை தனியாக ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போட்டிருக்கிறார்களோ என்று நினைத்தோம். வந்தோம். பூட்டு அப்படியே தொங்கியது. அன்று எங்களைப் போலக் கடிதத்தோடு வந்தவர்கள் எட்டுப் பேர். சிம்பாங் பூலாயிலிருந்து ஒரு சீனப் பெரியவர் மகளோடு வந்திருந்தார். ஒருவர் கடிதத்தை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. பத்துமலை எட்டுப் பெயரையும் புத்தகத்தில் எழுதினார். மறுநாள்தான் என் முதல் மனுவை அனுப்பினேன்.

6. தங்கள் அலுவலகத்தில் எங்களை மனிதராக மதித்துப் பேசியவர் ஒருவர்தான். அவர் குமாஸ்தா வேலை பார்க்கும் கிராணி திரு கார்த்திகேசு. அவருக்கு இதனால் எந்தத் தொல்லையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. அந்தப் புதிய முறையை முதலில் செய்தது வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக உள்ள வேறு ஒரு மாநிலத்துக்காம். அங்கே ஞாயிறு வேலை நாள். பேராக்குக்குக் கொண்டுவந்து போட்டபோது அந்த நாட்காட்டியை மாற்ற மறந்துவிட்டார்கள். மாற்றும் அதிகாரம் இங்கே யாருக்கும் இல்லை, தலைமையகத்துக்குத்தான் உண்டு. தலைமையகத்துக்குத் தகவல் சொல்லலாமே என்றேன். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இப்போது கடிதமோ தொலைபேசியோ கூடாதாம், கணினி வழியாகத்தான் செய்தி அனுப்ப வேண்டுமாம். நாற்பத்தொரு செய்தி அனுப்பியிருக்கிறார். "அனுப்பியாச்சுன்னு மட்டும் காட்டுது அண்ணே, யாரு படிக்கிறாங்கன்னு காட்ட மாட்டேங்குது" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கோபப்படவும் மனம் வரவில்லை.

7. மூன்றாவது தேதி 6.11.1988, மறுபடியும் ஞாயிறு. இடையில் மூச்சுத் திணறி இரண்டு முறை வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மாத்திரை கொடுத்து, வால்வுப் பரிசோதனை தங்கள் மையத்தில்தான் என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடிதம் வந்தபோது, இதுவும் வீண்தான், போக வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன, செருப்பு நுழையவில்லை. அவள் கேட்கவில்லை. "பேரு கூப்புடுற நாள்ல நான் இல்லாட்டி, வரலைன்னு எழுதிருவாங்க. ஒங்களுக்குத் தெரியாததா?" என்றாள். என் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். காலை ஏழு நாற்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரை தங்கள் வாசலுக்கு எதிரே கால்வாய்க் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். பத்துமலை தம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் டூட்டி பார்க்க வேண்டுமே என்று அதில் உட்கார மறுத்துவிட்டாள். மறுநாள் என் இரண்டாவது மனுவை அனுப்பினேன்.

8. 19.11.1988 சனிக்கிழமை காலை, தேநீர் கலக்கிக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் விழுந்தாள். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை தங்கள் மையத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று முறை காரணமின்றி வராததால் நோயாளி எண் 3318-இன் கோப்பு மூடப்படுகிறது என்று இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் நடுவில் என் மகள் பாப்பா அதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்துவிட்டாள். அவள் புரியாமல் படித்துவிட்டாள், அவள்மேல் குற்றமில்லை. வந்திருந்த ஒருவர், "ஏன் அண்ணே, கூட்டிட்டுப் போகாம விட்டுட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார். ஐயா, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

9. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971-இல் பாப்பாவுக்கு அம்மை போட்டிருந்த ஒரு நாள், செல்லாயி பெரட்டுக்குப் பத்து நிமிடம் பிந்தி வந்தாள். மண்டோர் பெண்டாட்டிக்குச் சலுகை என்று யாரும் பேசக் கூடாது என்ற வீறாப்பில், அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று நானே எழுதினேன். அவள் போய்த் தன் பங்கு மரங்கள் முழு நிரையும் வெட்டி, பாலைக் கொண்டுவந்து எடை போட்டாள். சாயங்காலம் நேரே தோட்ட ஆபீஸில் பெரிய கிராணியிடம் போய் நின்றாள். அவர் பால் எடை போட்ட துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் என் எழுத்தின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார், பக்கத்தில் "வந்தாள்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டில் எட்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து, லயத்து வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமல் யார் பெயருக்கு நேரேயும் நான் அப்படி எழுதியதில்லை.

10. என் வேண்டுகோள் இதுதான். எனக்கு இழப்பீடு வேண்டாம். யாரையும் வேலையிலிருந்து நீக்க வேண்டாம். அவள் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். 14.8.1988, 25.9.1988, 6.11.1988 ஆகிய மூன்று நாள்களுக்கும் அவள் பெயருக்கு நேரே "வந்தாள்" என்று திருத்தித் தர வேண்டும். சாட்சி பத்துமலையின் வாசல் புத்தகத்தில் இருக்கிறது. மூடிய கோப்பைக் கணினி திறக்காது என்று கார்த்திகேசு சொல்கிறார். அப்படியானால் ஒரு வெறும் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் போதும். அந்த எட்டுப் பேரில் உயிரோடு இருப்பவர்களுக்காவது வேலை நாளில் தேதி கொடுங்கள்.

11. தொடக்கத்தில் சொன்ன பதிலைப் பற்றி: என் இரண்டாவது மனு மேல்முறையீடாக ஏற்கப்பட்டு, செல்லாயிக்குப் புதிய தேதி கொடுத்திருப்பதாக இம்மாதம் பதினேழாம் தேதி கடிதம் வந்தது. தேதி 5.3.1989, காலை 9 மணி. நாட்காட்டியைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான்.

அன்று காலை பத்துமலையின் புத்தகத்தில் அவள் பெயர் இருக்காது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் தாங்கள் "வரவில்லை" என்று எழுதிக்கொள்ளலாம். அதில் எனக்குப் புகார் இல்லை.

தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஐயாவு த/பெ சின்னையா

இடம்: லகாட்
நாள்: 22.2.1989

இணைப்பு: தங்கள் மையத்திலிருந்து வந்த ஐந்து கடிதங்கள், 9.6.1988 என்று பேனாவால் எழுதிய அட்டை ஒன்று. அட்டையை மட்டும் திருப்பித் தரவும்.