ஒன்பதாயிரம்தானே

14 ஜூலை 2025, திங்கள்
திருநீர்மலை வீடு எனக்குத்தான். முடிவு செய்துவிட்டேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலைக்கோயில் தெரிகிறது. விற்கிற சுந்தரவல்லி அம்மா, "ஆடியில அட்வான்ஸ் வாங்க மாட்டேம்மா. ஆவணி பொறந்ததும் லோன் லெட்டரோட வா. இல்லன்னா இன்னொருத்தருக்குக் குடுத்துடுவேன்" என்றார். எங்களுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. ஆனாலும் ஒரு மாதம் கிடைத்ததே, ஸ்தோத்திரம்!

16 ஜூலை
பர்மிஷன் போட்டு பேங்குக்குப் போனேன். லோன் பார்க்கிற சுப்ரமணியன் சார் விளக்கினார். இருபத்து நாலு லட்சத்துக்கு மாதத் தவணை இருபத்தோராயிரம். வீட்டுக்காரர் டேனியலின் பைக்கை என் பெயரில் லோன் போட்டு வாங்கினோமே, அது நாலாயிரம். வருமானத்தில் பாதிக்குமேல் தவணை போகக் கூடாதாம். அப்படியென்றால் ஐம்பதாயிரம் வேண்டும். எக்ஸ்ரே அறையில் பதினோரு வருடமாக நின்று நான் வாங்குவது நாற்பத்தோராயிரம்.

"ஹஸ்பெண்ட் என்ன பண்றார்மா?"

"நிலையான வேலை இல்ல சார்." அதோடு முடித்துவிட்டேன்.

ஒன்பதாயிரம்தானே. கொண்டுவந்துவிடுவேன்.

20 ஜூலை, ஞாயிறு
எக்ஸ்ட்ரா டியூட்டி. டேனியல் மட்டும் சர்ச்சுக்குப் போய்விட்டு, அப்படியே சாப்பாடு டெலிவரிக்குக் கிளம்பிவிட்டார்.

30 ஜூலை
எக்ஸ்ட்ரா டியூட்டிப் பணம் ஆறு மாதம் சம்பளச் சீட்டில் வந்தால்தான் கணக்கில் எடுப்பார்களாம். ஆறு மாதமா! அதுவரைக்கும் வீடு நிற்குமா?

கோபத்தை டேனியல் மேல் காட்டினேன். "உங்க பைக் லோன் இல்லன்னா இவ்ளோ இழுக்காது!" அவர் நான் கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார்.

"வரவுல உன் சம்பளம் மட்டும்தான் கீது. நான் எங்க கீறேன்?"

அவரே கண்டுபிடித்தார். செலவுப் பக்கம், வாடகைக்குக் கீழே: டேனியல் – நாலாயிரம்.

"சரிதான்" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சே. பைக் என்று எழுதக் கூடவா கை வரவில்லை எனக்கு?

31 ஜூலை
காலையில் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார். இரண்டு வருட வருமான வரி ரிட்டர்ன். கம்பெனி பிடித்த வரியைத் திரும்ப வாங்குவதற்காக, குரோம்பேட்டை ஆடிட்டரிடம் வருஷா வருஷம் தாக்கல் செய்திருக்கிறார். மாதம் இருபத்திரண்டாயிரம் வருகிறது. அவர் வீட்டுக்குத் தருவது தெரியும். சம்பளச் சீட்டு இல்லாத காசை பேங்க் மதிக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பேங்க் எங்கே மதிக்கவில்லை? நான்தான்.

"அந்த சாராண்ட காட்டிப் பாரு."

"நீங்களே வந்து காட்டுங்க" என்றேன். வந்தார்.

20 ஆகஸ்ட்
ஆவணி நாலு. கையில் லெட்டர். அவர் வருமானத்தில் பாதியைத்தான் எடுத்தார்கள், பதினோராயிரம். போதாதா?

சுந்தரவல்லி அம்மா அட்வான்ஸை வாங்கிக்கொண்டு கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன பண்றாரும்மா?"

டேனியல் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு டெலிவரி பண்றாரும்மா. அவர் வருமானத்தைச் சேர்த்ததாலதான் லோனே கெடச்சுது. பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும் போடணும்" என்றேன். அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.