என் பெயரைச் சொல்லிப் பார்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் முழங்கால் வலி இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். இது நானே என் கையால் எழுதுவது! எல்லாம் நீ போனில் சொல்லிக்கொடுத்த எழுத்துகள்தான். வரிக்கு ஒரு வாய் டீ குடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று சலவைக்கடையில் இஸ்திரி வேலை முடிந்ததும் வக்கீலம்மாவைப் பார்த்தேன். மனைவிக்கான குடியேற்ற விசாவுக்கு மனு போய்விட்டது. நீ சுற்றுலா விசாவில் வந்து கல்யாணம் முடித்துத் திரும்பியவள் என்பதால், தூதரகத்தில் நேரில் கூப்பிட்டுக் கொஞ்சம் துருவுவார்களாம். முதல் கேள்வியே புருஷன் பேர்தானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதிவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது, "இதோ நிக்கிறாங்களே, இவங்கதான்!" என்று விரலை நீட்டினாயே!

"விரல் பேர் சொல்லாதும்மா" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் தாளில் எழுதிக் காட்டித்தான் என் மனைவியானாய்.

இதைச் சொன்னபோது வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அங்க வாயாலதான் சொல்லணும் ஐயா. தயங்கினா, விசாவுக்காகக் கட்டின பொய்க் கல்யாணம்னு நினைச்சிடுவாங்க" என்றார்.

அதனால் தினமும் சொல்லிப் பழகு. என் ஆயுசு குறையாது, அதற்கு நான் பொறுப்பு.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்பு. உனக்கும் ஒரு தட்டு வாங்கி வைத்திருக்கிறேன்; தினமும் அதையும் சேர்த்துக் கழுவுகிறேன்.

முதல் தடவை சொல்லும்போது மட்டும் போன் போட்டுச் சொல். இங்கே எல்லோருக்கும் நான் இஸ்திரித் தாத்தாதான். என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடக் கேட்டு வெகுகாலமாகிறது.

கடைக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
நீ சொல்ல மாட்டேன் என்கிற அந்தப் பெயருக்குச் சொந்தக்காரன்